பெயர் சரியாகத்தானே போட்டோம், பணம் எப்படி வேறு கணக்குக்குப் போனது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்தின் மருமகள் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மாமனார் முப்பது வருடங்களுக்கு மேலாகத் தொழிலில் இருக்கிறார். பட்டறையில் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். கணக்கு வழக்கை மருமகள் பார்த்துக்கொள்கிறார், உதவிக்குச் சம்பளத்துக்கு வேலை செய்யும் 23 வயதுத் தம்பி ஒருவர் இருக்கிறார். வெள்ளிக் கட்டியைக் குஜராத் வியாபாரி ஒருவரிடம் ஆறு வருடமாக வாங்குகிறார்கள். பில் மெயிலில் வரும், பெரிய தொகையை வங்கிக்கு வங்கி உடனே அனுப்பும் ஆர்டிஜிஎஸ் முறையில் பணம் போகும். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவரிடமிருந்து வந்ததுபோல ஒரு மெயில். "ஆடிட் நடப்பதால் பழைய வங்கிக் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், இந்தப் பில்லுக்கான பணத்தைக் கீழே உள்ள கணக்கில் போடவும்." பில் எண், எடை, டச் (வெள்ளியின் தூய்மை), தொகை எல்லாமே சரியாக இருந்தன. தம்பி புதிய கணக்கைச் சேர்த்தார். ஓடிபி மாமனாரின் போனுக்கு வந்தது, அவர் கல்லாவிலிருந்தே எண்ணைச் சத்தமாகப் படித்துச் சொன்னார். 6,40,000 ரூபாய் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை அந்த வியாபாரி போன் செய்து, "பணம் இன்னும் வரலையே" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது.

வங்கிக் கிளையில் மனு கொடுத்தார்கள். "நீங்களே அனுப்பிய பணம், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. போலீசுக்குப் போகவில்லை. போனால் ஜிஎஸ்டி, வருமான வரி என்று வருவார்கள், கடைவீதியில் பெயர் கெடும் என்பது மாமனாரின் பயம். தம்பிதான் யாருடனோ சேர்ந்து இதைச் செய்திருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டு, சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் வைரஸ் இருக்கும், பார்மட் போடலாம் என்கிறார். 30,000 ரூபாய் கொடுத்தால் பணத்தை மீட்டுத் தரும் 'ஹேக்கர்' ஒருவரைத் தெரியும் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இவ்வளவு சிறிய பட்டறையை யார் குறிவைப்பார்கள், இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பணம் போன வேதனையைவிட வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் சந்தேகப்படும் வேதனை அதில் அதிகமாகத் தெரிகிறது. அதற்கும் வருகிறேன். முதலில் அவசரமான காரியங்கள். இதைப் படித்து முடித்ததும் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணத்தை வழியிலேயே மறிக்கும் வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும், உண்மைதான். ஆனால் இப்படிப் போகும் பணம் ஒரே கணக்கில் நிற்பதில்லை. நான்கைந்து கணக்குகளுக்குப் பிரிந்து போகும், அதில் ஏதாவது ஒன்றில் ஒரு பகுதி தேங்கி நிற்பது உண்டு. அப்படி முடக்கப்பட்ட தொகை இருந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503-ஆம் பிரிவின் கீழ் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம். புகாரே இல்லாவிட்டால் அந்தக் கதவும் திறக்காது.

1930-இல் கிடைக்கும் புகார் எண்ணை எடுத்துக்கொண்டு சேலம் மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். மாவட்டக் காவல் துறைக்கு வேறொரு சைபர் நிலையம் உண்டு. செவ்வாய்ப்பேட்டை மாநகர எல்லைக்குள் வருவதால் உங்களுக்கு மாநகர நிலையம். ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவும், மோசடிக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவும் பொருந்தும்.

அந்த 'ஹேக்கரிடம்' ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பணம் இழந்தவரைத் தேடி வரும் இரண்டாவது திருடன் அவன். பணத்தை மீட்டுத் தரும் அதிகாரம் போலீஸ், வங்கி, நீதிமன்றம் தவிர யாருக்கும் கிடையாது.

அந்த மெயிலை உற்றுப் பாருங்கள்

நீங்கள் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வியாபாரியின் மெயில் முகவரியில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்று இரண்டு எழுத்துகள் ஒட்டி நிற்கின்றன. சிறிய எழுத்தில் பார்த்தால் இரண்டும் சேர்ந்து 'எம்' போலவே தெரியும். நானும் முதல் பார்வையில் ஏமாந்தேன். வெள்ளிக்கிழமை மாலை, கூலி நாளுக்கு முந்தைய அவசரத்தில், 23 வயதுப் பையன் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. "அந்த வாரம் முழுக்க வியாபாரியின் மெயில் எதுவும் எங்களுக்கு வரவே இல்லை." ஆனால் அவர் அனுப்பியதாகச் சொல்கிறார். அப்படியானால் யாரோ உங்கள் மெயில் பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறான். பில் எண்ணும் டச்சும் அவனுக்குத் தெரிந்தது அப்படித்தான். உண்மையான மெயில் வந்தால் தானாக வேறு இடத்துக்குப் போகும்படி ஒரு வடிகட்டியைப் போட்டு வைத்திருப்பான். ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ்', 'ஃபார்வேர்டிங்' என்று இரண்டு பகுதிகள் இருக்கும். அவற்றைத் திறந்து பாருங்கள். வியாபாரியின் பெயரோடு ஏதாவது விதி இருந்தால், நீக்குவதற்கு முன் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். மீட்பு போன் எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று பார்க்க மறக்காதீர்கள். பாஸ்வேர்டை மாற்றியும் திருடன் திரும்ப வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

கம்ப்யூட்டரைப் பார்மட் போட வேண்டாம் என்று சர்வீஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கத்துச் சாட்சி அதற்குள்தான் இருக்கிறது. மெயிலை யாருக்காவது ஃபார்வேர்டு செய்து வைத்தால் போதாது, அது எங்கிருந்து வந்தது என்ற தலைப்புத் தகவல் அசல் மெயிலில்தான் முழுதாக இருக்கும். நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்தை ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் தர வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணர் ஒருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அசல் போய்விட்டால் இந்த வேலை மிகவும் கடினமாகிவிடும்.

வங்கியிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்க முடியாது

மூன்று நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2017 ஜூலை 6 அன்று வந்த சுற்றறிக்கையைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது உங்களுக்குத் தெரியாமல், உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கானது. இங்கே கணக்கைச் சேர்த்ததும் ஓடிபி போட்டதும் உங்கள் ஆட்கள். ஏமாற்றப்பட்டுச் செய்தீர்கள், ஆனாலும் நீங்கள் செய்ததுதான். அதனால் அந்தச் சுற்றறிக்கையை மட்டும் நம்பி வங்கியோடு சண்டை போட்டால் தோற்பீர்கள்.

"வியாபாரியின் பெயரைத்தானே போட்டோம், பெயர் பொருந்தாமல் வங்கி எப்படி அனுப்பியது" என்ற உங்கள் கேள்வி பலருக்கும் வருவது. ஆர்டிஜிஎஸ்ஸிலும், அதுபோன்ற இன்னொரு முறையான நெஃப்டிலும் பணம் சேருவது கணக்கு எண்ணையும், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் வைத்துத்தான். பெறுபவர் பெயர் என்று நீங்கள் தட்டச்சு செய்வதை இந்த முறை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான், கணக்கு எண்ணைப் போட்டதும் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கட்டணமும் கிடையாது. உங்களுக்கு நடந்தது அதற்குப் பிறகு. ஆகவே தம்பியிடம் நிதானமாகக் கேளுங்கள்: புதிய கணக்கைச் சேர்த்தபோது திரையில் வேறு பெயர் வந்ததா, அவர் கவனிக்கவில்லையா? அல்லது அப்படி ஒரு வசதியே திரையில் வரவில்லையா? வரவில்லை என்றால் வங்கியிடம் கேட்க உங்களுக்கு ஒரு வலுவான கேள்வி கிடைக்கிறது. அதை எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 46-ஆம் பிரிவின் கீழ் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர் தீர்ப்பு அதிகாரியாக இருக்கிறார். ஐந்து கோடி ரூபாய் வரையான இழப்பீட்டுக் கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். 2010-இல் தமிழ்நாட்டின் தீர்ப்பு அதிகாரி, போலி மெயிலில் சிக்கிப் பணம் இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு 12 லட்சத்துக்கு மேல் தரும்படி வங்கிக்கு உத்தரவிட்டார். உங்கள் வழக்கும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கைச் சரியான ஆவணம் இல்லாமல் திறந்திருந்தால், அந்த வங்கியையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாமா என்று யோசிக்கலாம். போலீஸ் விசாரணையில் அந்தக் கணக்கின் விவரம் வந்த பிறகு முடிவெடுங்கள்.

குஜராத் வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய கடன் அப்படியே நிற்கிறது. வேறொருவனுக்குக் கொடுத்ததால் அவர் கடன் தீராது. அவருடைய மெயில் உடைபட்டிருந்தால் நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளக் கேட்க ஓரளவு நியாயம் இருக்கும். எனக்குத் தெரிந்தவரை உடைபட்டது உங்கள் பெட்டி. ஆறு வருட உறவு இருக்கிறது, போலீஸ் புகார் நகலைக் காட்டி நான்கைந்து தவணை கேளுங்கள். அதையும் போனிலேயே பேசுங்கள்.

தம்பியின் சம்பளமும் மாமனாரின் பயமும்

உங்கள் மாமனாரிடம் நான் நேரில் சொல்வதாக நினைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, விளக்கம் கேட்காமல், உங்கள் தீர்மானமாக மட்டும் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தராது. கேட்டுவிட்டுப் பிடித்தாலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் கடை மெயிலின் பாஸ்வேர்டு கடைப் பெயரோடு 123 சேர்த்தது, மானிட்டரில் சீட்டு ஒட்டி வைத்திருந்தது, நான்கு பேருக்குத் தெரியும், இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும் என்று உங்கள் மருமகளே எழுதியிருக்கிறார். ஓடிபியைக் கல்லாவிலிருந்து படித்துச் சொன்னவர் நீங்கள். இதில் தம்பியின் தவறு ஒன்று இருக்கிறது, போன் போட்டுக் கேட்காதது. போன் போட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை. வேலையை விட்டுப் போனவர் மீதும் ஆதாரம் இல்லாமல் வாய் விட வேண்டாம். உள்ளே புகுந்தவன் எங்கிருந்து புகுந்தான் என்பதைப் போலீசே பார்க்கட்டும்.

ஜிஎஸ்டி பயம் பற்றி. போலீஸ் உங்களிடம் கேட்பது வங்கி ஸ்டேட்மென்ட், அந்தப் பில், அந்த மெயில். பில் போட்டு வாங்கிய வெள்ளிக்கு வங்கி வழியாகப் பணம் கொடுத்ததில் பயப்பட ஒன்றுமில்லை. வேறு கணக்கில் குழப்பம் ஏதாவது இருந்தால் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அதற்காக 6,40,000 ரூபாயைக் கைகழுவ வேண்டாம். கடைவீதியில் பெயர் கெடும் என்கிறீர்கள். நான் பார்த்தவரை, இப்படி ஏமாந்தது உங்கள் தெருவில் நீங்கள் முதல் ஆள் அல்ல. எல்லோரும் மூடி வைப்பதால்தான் அடுத்த பட்டறைக்கும் அதே மெயில் போகிறது.

எடை போடாமல் வெள்ளி வாங்குவீர்களா?

சகோதரி, சிறிய பட்டறையை யார் குறிவைப்பார்கள் என்று கேட்டீர்கள். உங்கள் பெயரைத் தெரிந்துகொண்டு யாரும் வரவில்லை. ஆயிரக்கணக்கான மெயில் பெட்டிகளில் ஒரே சாவியைப் போட்டுப் பார்ப்பார்கள், எது திறக்கிறதோ அதற்குள் போவார்கள். பில்லும் ஆர்டிஜிஎஸ்ஸும் கண்ணில் பட்டால் அங்கேயே தங்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை என்பதும் தற்செயல் இல்லை. 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ் இரவும் பகலும், விடுமுறையிலும் ஓடுகிறது. சனி, ஞாயிறு தாண்டி நீங்கள் விழித்துக்கொள்வதற்குள் பணம் பல கை மாறிவிடும்.

உங்கள் தொழிலில் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கூலிக்குச் செய்பவர் சொந்த அண்ணனாகவே இருந்தாலும், வெள்ளி கொடுக்கும்போது எடை, கொலுசாகத் திரும்பி வரும்போது எடை, சேதாரம் எவ்வளவு, எல்லாம் சிட்டையில் ஏறும். அதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே பழக்கத்தை மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் கொண்டுவாருங்கள். வங்கிக் கணக்கு மாறியதாக எந்தச் செய்தி வந்தாலும், எவ்வளவு நெருங்கியவரிடமிருந்து வந்தாலும், போன் போட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான் புதிய கணக்கு சேர வேண்டும். அந்த மெயிலில் உள்ள எண்ணுக்குப் போன் போடக் கூடாது, போன வருடத்துப் பில்லில் உள்ள எண்ணுக்குப் போட வேண்டும். முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்பலாம். யார், எத்தனை மணிக்குப் பேசினார் என்று பில்லின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள், அதுவும் ஒரு சிட்டைதான்.

வங்கியிடம் கேட்டு, நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்ய இன்னொருவர் அனுமதிக்கும் முறையை வாங்குங்கள். மேக்கர், செக்கர் என்பார்கள். நடப்புக் கணக்குக்கு இது சாதாரணமாகக் கிடைக்கும். தம்பி பதிவு செய்வார், நீங்கள் உங்கள் பெயரிலான தனி லாகினில் பார்த்து அனுமதிப்பீர்கள். ஓடிபியைப் படித்துச் சொல்லும் வழக்கம் அன்றோடு முடிந்துவிடும். ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பையும் உங்கள் தேவைக்கு ஏற்பக் குறைத்து வையுங்கள்.

மெயிலுக்கும், கணக்கு எழுதும் மென்பொருளான டேலிக்கும் ஆளுக்கொரு பாஸ்வேர்டு. வேலையை விட்டு ஒருவர் போகும் நாளில், பட்டறைச் சாவியைத் திரும்ப வாங்குவதுபோல அவருடைய லாகினையும் மூட வேண்டும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தை மாதம் ஒருமுறை திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று ஏபிகே ஃபைல் (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடவே கூடாது, தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும்.

டேலி 'கிராக்' செய்தது என்று கடிதத்தில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். ஒளிக்காமல் சொன்னது நல்லது. தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம், குறைந்தது ஏழு நாள் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் அதில் எழுதியிருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை, அந்த கிராக் ஃபைலை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தி வைத்திருப்பீர்கள். யாரோ முகம் தெரியாதவன் செய்த ஃபைலை, வங்கி வேலை நடக்கும் அதே கம்ப்யூட்டரில் முழு உரிமையோடு ஓட விட்டிருக்கிறீர்கள். மெயில் பாஸ்வேர்டு அந்த வழியாகப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. உரிமம் வாங்குங்கள், விலை உங்கள் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் சிறியது. அந்த மெஷினில் இன்னும் விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. போலீஸ் பார்த்து முடிக்கும்வரை அதை எடுத்து ஓரமாக வையுங்கள், வங்கி வேலைக்கு வேறு ஒரு மெஷின் போதும். அதில் யூடியூப் வேண்டாம், வேறு இடத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் எப்போதும் திறந்து கிடக்கவும் வேண்டாம்.

பேக்கப் இருக்கிறது, பென்டிரைவ் எப்போதும் செருகியே இருக்கிறது என்கிறீர்கள். கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் பென்டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு டிரைவ் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்று எப்போதும் வீட்டு பீரோவில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து கணக்கை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பி ஏமாந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் போய்விட்டது என்ற பதில் அங்கே செல்லாது.

நாளை காலை காவல் நிலையத்துக்குப் போகும்போது வங்கி ஸ்டேட்மென்ட், அசல் பில், அந்த மெயிலின் அச்சு, ஃபில்டர் திரையின் படம், 1930 புகார் எண், உங்கள் ஆதார், கடையின் ஜிஎஸ்டி சான்றிதழ் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். குற்றவாளியாக நிறுத்துவதற்காகச் சொல்லவில்லை, மெயில் வந்த நேரத்திலிருந்து பணம் போன நேரம்வரை ஒவ்வொன்றையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். போகும் வழியில் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, "உன் மேல சந்தேகம் இல்லப்பா, நடந்ததை நடந்தபடி சொல்லு" என்று உங்கள் மாமனார் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.